துருவுக்குள் இருக்கும் யந்திரம்

இரும்புக்கு இரண்டு சத்துருக்கள் உண்டு. ஒன்று தண்ணீர், மற்றொன்று பழைய இரும்பு வியாபாரியின் தராசு. தண்ணீராவது நிதானமாக உட்கார்ந்து, வருஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். தராசோ ஒரே நிமிஷத்தில் காரியத்தை முடித்துவிடும். தண்ணீர் தின்றது போக மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வழி உண்டு. தராசு தின்றதில் மிச்சம் என்பதே கிடையாது.

இந்தப் பகுதியில் வழக்கமாக வீட்டுச் சாமான்களைப் பற்றியே பேசி வருகிறோம். இந்த வாரம் எடுத்துக்கொண்டிருப்பது சற்று விபரீதமான சாமான். ஆனால் அதைப் பற்றிச் சொல்லப் போகும் விஷயம் பாட்டியின் முறுக்கு நாழிக்கும், அம்மாவின் தையல் யந்திரத்துக்கும், தாத்தாவின் திண்டுக்கல் பூட்டுக்கும் பொருந்தும்.

கொடைரோடு பக்கத்திலோ, மலைமேல் ஒரு பழைய பங்களாவிலோ பரணைச் சுத்தம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூலையில் ஒரு கனமான இரும்புச் சாமான் அகப்படுகிறது. ஆங்கில ‘ஓ’ எழுத்தைப் போன்ற ஒரு சட்டம். அதன் நடுவே மேலும் கீழும் போகவேண்டிய ஒரு தண்டு. பக்கத்தில் நீண்ட கைப்பிடி. எல்லாம் ஒரே செம்பழுப்பாகத் துருவேறி, எதைப் பிடித்து அசைத்தாலும் அசைய மறுக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் அதைப் பழச்சாறு பிழியும் கருவி என்கிறார். மற்றொருவர் புத்தகம் கட்டுவோரின் அழுத்துக் கட்டை என்கிறார். “எட்டுக் கிலோவாவது தேறும்” என்கிறார் மூன்றாமவர். சாதாரணமாக இந்த மூன்றாவது கட்சிதான் ஜயிக்கிறது.

உண்மையில் அது தோட்டா அடைக்கும் கைப்பிரஸ்.

துப்பாக்கி சுட்டவுடன் தோட்டாவில் செலவாவது குண்டும், வெடிமருந்தும், அடியில் இருக்கும் ‘கேப்பு’ என்ற சிறு வெடிக்குமிழும் மட்டுமே. பித்தளைக் கூடு அப்படியே மிஞ்சும். வெடியின் வேகத்தில் சற்று விரிந்து மட்டும் போயிருக்கும். அதைக் கடினமான எஃகு அச்சுக்குள் செலுத்தி, பழைய அளவுக்குக் கொண்டுவருவதே இந்தப் பிரஸின் முக்கிய வேலை. கைப்பிடியை அழுத்தினால் தண்டு மேலே ஏறும். ஏற ஏற, கையின் சிறு பலம் மூட்டுகளின் வழியே பன்மடங்காகப் பெருகி, முடியும் இடத்தில் ஒரு பயில்வானின் பலமாகிவிடும். பாக்குவெட்டி உபயோகித்தவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. அமெரிக்காவில் 1884-ல் ஜான் பார்லோ என்பவர் ஆரம்பித்த ‘ஐடியல்’ கம்பெனி விற்ற கருவிகள் பார்வைக்கே பாக்குவெட்டியைப் போலத்தான் இருந்தன. மேஜையில் திருகாணி போட்டுப் பூட்டும் கனமான பிரஸ்கள் பிற்பாடு பரவின. அவற்றைச் செய்து பேர் வாங்கிய ‘ஆர்.சி.பி.எஸ்.’ கம்பெனி, இரண்டாவது உலக யுத்தத்தால் தோட்டாவுக்குப் பஞ்சம் வந்த சமயத்தில், 1943-ல், கலிபோர்னியாவில் உள்ள ஓரோவில் என்னும் ஊரில் தோன்றியது. நம் தேசத்துக்கு இங்கிலீஷ்காரர்களுடன் வந்தவை பெரும்பாலும் இரட்டைக் குழல் துப்பாக்கிகள். அவற்றின் காகிதத் தோட்டாக்களின் வாயை மடித்து மூடும் சிறு கைச்சக்கரக் கருவிகளை இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்துப் பட்டறைகள் செய்து தள்ளின.

சமவெளியின் வாசற்படி

இப்படிப்பட்ட சாமானுக்கும் கொடைரோடுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம்.

கொடைரோடு என்பது திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே அம்மையநாயக்கனூரில் உள்ள ரயில்வே ஸ்டேஷன். ஒரு பக்கம் சிறுமலை, மறு பக்கம் பழனிமலைத் தொடர். 1875-ல் தென்னிந்திய ரயில்வே திருச்சியிலிருந்து மதுரைக்கு வந்த பிறகு, கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் இறங்கினார்கள். மோட்டார்ச் சாலை வரும் வரையில், இங்கிருந்து மாட்டு வண்டியில் மலையடிவாரம் போய், அங்கிருந்து நடந்தோ, மட்டக் குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் நாற்காலியிலோ மலையேற வேண்டும். துரைமார்களுடைய மேஜை நாற்காலி, பியானோ, பீங்கான், துப்பாக்கிப் பெட்டி எல்லாம் இந்த வழியாகவே மலைக்குப் போயின. பழனிமலைக் காடுகள் அந்நாளில் அவர்களுக்கு வேட்டைக் களமாக இருந்தன. ரயில் வருவதற்கு முன்பே அங்கே அலைந்து வேட்டையாடிய டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரியின் குறிப்புகள் 1892-ல் நூலாகவே வெளிவந்தன.

துரைமார் வருவதற்கு முன்பே இந்தச் சீமைக்கு வெடிமருந்தின் வாசனை தெரியும். 1755-ல் மைசூர் அரசாங்கம் ஹைதர் அலியைத் திண்டுக்கல்லுக்குப் பௌஜுதாராக அனுப்பியது. அங்கே அவர் பிரெஞ்சு நிபுணர்களின் உதவியுடன் பீரங்கிப் படையையும், அதற்கு வேண்டிய ஆயுதத் தொழிற்சாலையையும் ஏற்படுத்தினார். மலைக்கோட்டை 1790-ல் கம்பெனிப் படையிடம் விழுந்தது. தொழிற்சாலை போயிற்று, ஆனால் இரும்பைப் பழக்கும் வித்தை ஊரை விட்டுப் போகவில்லை. பிற்காலத்தில் திண்டுக்கல் என்றாலே பூட்டும் இரும்புப் பெட்டியும் என்று ஆயிற்று. மாங்காய்ப் பூட்டுக்கும் மணிப்பூட்டுக்கும் பேர் போன அந்தக் கைத்தொழிலுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டுகளைக் கையாலேயே அரத்தால் ராவிச் செய்யும் ஆசாரிமார்கள் இன்றும் இருக்கிறார்கள், முன்பைவிடக் குறைவு.

வேட்டையின் காலம் முடிந்துவிட்டது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2013-ல் கொடைக்கானல் காடுகள் சரணாலயமாயின. வேட்டைக்காரர்கள் போய், அவர்களுடைய இரும்புச் சாமான்கள் மாத்திரம் பரணிலும் கொட்டகையிலும் தங்கியிருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. ஈரமான மலைக்காற்று இரும்பைச் சும்மா விடாது.

முதலில் சட்டம்

இம்மாதிரி சாமான் அகப்பட்டால், துருவைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய காரியங்கள் இரண்டு.

ஒன்று, சட்டத்தைப் பற்றியது. 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு நியாயமும் நமக்கு ஒரு நியாயமும் வைத்தது. அந்த அநீதியை எதிர்த்து நம் தலைவர்கள் எவ்வளவோ பேசினார்கள். சுதந்திர இந்தியாவில் அதற்குப் பதிலாக 1959-ல் நிறைவேறி 1962-ல் அமலுக்கு வந்த சட்டத்தில் நிறபேதம் கிடையாது. ஆனால் கண்டிப்பு உண்டு. அந்தச் சட்டத்தில் ‘தோட்டா முதலிய வெடிப்பொருள்கள்’ என்ற சொல்லுக்குள், அவற்றைச் செய்யும் யந்திரங்களும் அடங்கியிருக்கின்றன. ஆகையால் பரணில் கிடந்த பிரஸ் வெறும் இரும்பு அல்ல. வைத்திருந்த பெரியவர் காலமாகி, அவருடைய லைசென்ஸும் காலமாகிவிட்டிருந்தால், துப்பாக்கியையும் அதைச் சேர்ந்த சாமான்களையும் தாமதமின்றிப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. எழுத்து மூலம் தெரிவித்து ரசீது வாங்கிவிட்டால், பிறகு அதை வைத்துக்கொள்ளலாமா, யார் வைத்துக்கொள்ளலாம், அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா என்று நிதானமாக யோசிக்க இடம் உண்டு. ஒளித்து வைத்தால் யோசிக்க அவகாசம் இராது.

இரண்டாவது, உயிரைப் பற்றியது. பிரஸ் இருக்கும் இடத்தில் அதன் பரிவாரங்களும் இருக்கும். பழைய தகர டப்பாவில் சுடாத தோட்டா, கேப்புகள், கட்டிதட்டிப் போன கறுப்பு மருந்து எல்லாம் இருக்கலாம். வயதானதால் வெடிமருந்து சாதுவாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கேப்பு என்பது தட்டினால் வெடிப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதைச் சுரண்டிப் பார்ப்பதும், திருகிப் பார்ப்பதும், வெயிலில் வைத்து உலர்த்துவதும் விரலுக்கும் கண்ணுக்கும் உலை வைக்கும் காரியங்கள். குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டுப் போலீசாருக்குத் தெரிவிப்பதுதான் புத்திசாலித்தனம். வெறும் பிரஸ்ஸாக இருந்தாலும் அதில் ஈயத் தூள் படிந்திருக்கும். ஈயம் மெல்லக் கொல்லும் விஷம். சமையலறைப் பக்கம் கொண்டுபோகாமல், கைகளில் உறை மாட்டிக்கொண்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

தோட்டா அடைக்கும் வித்தையைப் பற்றி இங்கே மேற்கொண்டு எதுவும் சொல்லப் போவதில்லை. நமக்கு வேண்டியது இரும்பு. அந்த இரும்பு என்ன ஆயிற்று என்பது. இனிச் சொல்லப் போவதை, பிரஸ்ஸை வைத்துக்கொள்ள அனுமதி உள்ளவர் பிரஸ்ஸுக்குச் செய்யலாம். மற்றவர்கள் தையல் யந்திரத்துக்கும் பூட்டுக்கும் செய்யலாம்.

துரு என்பது என்ன?

பூமியிலிருந்து எடுக்கும்போது இரும்பு பிராணவாயுவுடன் கலந்த வெறும் சிவப்புக் கல். உலையில் போட்டு அந்த வாயுவைப் பிரித்து இரும்பாக்குகிறோம். ஈரமும் காற்றும் கிடைத்தவுடன் அது மறுபடியும் பிராணவாயுவைத் தேடிப் போகிறது. இரும்பு தன் பிறந்த வீட்டுக்குத் திரும்புவதைத்தான் நாம் துரு என்கிறோம். தில்லியில் குதுப் மினாருக்கு அருகில் நிற்கும் குப்தர் காலத்து இரும்புத் தூண் மட்டும் சுமார் 1600 வருஷமாகப் பிறந்த வீட்டை நினைக்காமல் இருக்கிறது. அதன் இரும்பில் கந்தகம் குறைந்தும் பாஸ்பரஸ் மிகுந்தும் இருப்பதால், மேலே மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டாகித் துருவைத் தடுக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். நம் பரணில் உள்ள இரும்புக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

துருவின் குணங்களில் இரண்டை நினைவில் வைக்க வேண்டும். முதலாவது, துரு தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவேதான் தண்டும் குழியும், ஆணியும் துவாரமும் ஒன்றையொன்று விடாமல் இறுகிப் போகின்றன. இறுகியிருக்கிறது என்பதாலேயே உள்ளே எல்லாம் அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மயிரிழை அளவு துருவே ஒரு யந்திரத்தைக் கல்லாக்கிவிடும்.

இரண்டாவது, உப்பு இருந்தால் துருவுக்குக் கொண்டாட்டம். பழைய காலத்துக் கேப்புகளில் பொட்டாசியம் குளோரேட் என்ற ரஸாயனப் பொருள் இருந்தது. வெடித்த பின் அது பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாக மிஞ்சும். நம் சமையல் உப்பின் உடன்பிறப்பு. சுட்ட கேப்பைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளும்போதெல்லாம் அந்தத் தூள் தண்டின்மேல் உதிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகையால்தான் இந்தப் பிரஸ்களில் கைப்பிடியைவிடத் தண்டுப் பக்கம் துரு அதிகம். இந்த உப்பை எண்ணெய் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். உப்பைக் கழுவாமல் எண்ணெய் போடுவது, புண்ணைக் கழுவாமல் பட்டுத் துணி சுற்றுவதைப் போன்றது.

பொறுமை என்னும் கருவி

இனி வேலை. முதல் நாள் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் பார்ப்பது. எந்த ஆணி எந்தப் பக்கத்திலிருந்து செருகப்பட்டிருக்கிறது, எந்தத் திருகு எந்தத் திசையில் கழலும் என்பதைப் பார்த்து, ஒரு படம் எழுதிக்கொள்ளவேண்டும். போட்டோ எடுத்தாலும் சரி. சட்டம் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு பார்வைக்குப் பீமசேனன். சுத்தியலுக்கு முன்னால் கண்ணாடி. ஒரே அடியில் விரிசல் கண்டுவிட்டால் பிறகு எந்த ஆசாரியும் முழு உத்தரவாதம் கொடுக்க மாட்டார்.

வெந்நீரில் கழுவி நன்றாக உலர்த்திய பிறகு, மண்ணெண்ணெயில் சிறிது யந்திர எண்ணெய் கலந்து ஒவ்வொரு மூட்டிலும் விட வேண்டும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். நாலு நாள் ஆகலாம். பதினைந்து நாளும் ஆகலாம். நடுவில் மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டிக் கொடுக்கலாம். ஒரு நாள், பிடிவாதக் குழந்தை திடீரென்று சிரிப்பதைப் போல, ஆணி கொஞ்சம் அசையும். உடனே உற்சாகப்பட்டுப் பலம் காட்டக் கூடாது. இப்படியும் அப்படியுமாக நூலளவு நூலளவு ஆட்டி, எண்ணெய் உள்ளே போக வழி செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் பட்ட சாமானை நெருப்பில் காட்டிச் சூடேற்றுவது மட்டும் கூடவே கூடாது.

பாகங்கள் கழன்ற பிறகு துருவை எடுக்க மூன்று வழிகள் உண்டு. உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது முதல் வழி. இது துருவோடு நல்ல இரும்பையும் எடுத்துவிடும். தண்டும் குழியும் சேரும் இடத்தில் அளவு கெட்டுவிடும். புளிக்காடியிலோ வினிகரிலோ ஊறப்போடுவது இரண்டாவது. சிறிய பாகங்களுக்கு இது சரி; ஆனால் மறந்துபோய் விட்டுவிட்டால் அமிலம் நல்ல இரும்பையும் அரிக்கும். கடினமான சுருள்வில்களை அதில் ஊறவைத்தால் அவை முறியும் குணத்தை அடையும். மூன்றாவது, மின்சார ஸ்நானம்.

மின்சார ஸ்நானம் செய்யும் முறை எளிது. பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, நாலு லிட்டருக்கு ஒரு மேஜைக் கரண்டி வீதம் சலவைச் சோடா கரைக்க வேண்டும். துருப்பிடித்த பாகத்தைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, 12 வோல்ட் பாட்டரி சார்ஜரின் எதிர்க் கம்பியை அதில் இணைக்க வேண்டும். நேர்க் கம்பியை ஒரு பழைய இரும்புத் தகட்டில் இணைத்து, பாகத்தைத் தொடாமல் எதிரே தொங்கவிட வேண்டும். மின்சாரம் பாய்ந்ததும் பாகத்தின்மேல் சிறு குமிழிகள் கிளம்பும். சில மணி நேரத்தில் சிவப்புத் துரு கறுத்து, தளர்ந்து, நார்த் தூரிகையால் தேய்த்தால் வந்துவிடும். நல்ல இரும்பு அப்படியே இருக்கும். தகடுதான் பாவம், நம் பாகத்துக்காகத் தான் கரைந்துபோகும்.

இதில் சில எச்சரிக்கைகள் உண்டு. அந்தக் குமிழிகள் ஹைட்ரஜன் வாயு. தீப்பொறி பட்டால் பற்றும். ஆகையால் திறந்தவெளியில் செய்ய வேண்டும். எவர்சில்வர்த் தகட்டைப் போடக் கூடாது. அதிலிருந்து நச்சு குரோமியம் தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் உப்புப் போடக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். அலுமினியப் பாகங்களைச் சோடாத் தண்ணீர் தின்றுவிடும். கடினமான சுருள்வில்லை இந்தத் தொட்டியிலும் போட வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தாமல் தொட்டியில் கை வைக்க வேண்டாம்.

இந்த வழி ஏதோ மேல்நாட்டு மாயவித்தை என்று எண்ண வேண்டாம். சென்னை அருங்காட்சியகத்தில் 1930-லேயே ரஸாயனப் பாதுகாப்புச் சாலை ஏற்பட்டு, டாக்டர் எஸ். பரமசிவன் பாசி பிடித்த பழைய செப்புத் திருமேனிகளை மின்சார முறையால் சுத்தம் செய்தார். பிறகு காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-ல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இரும்பு அரிப்பை ஒரு தனிச் சாஸ்திரமாகவே ஆராய்ந்து வருகிறது. கடற்காற்று இரும்பை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காக மண்டபத்தில் அதற்கு ஒரு கிளையும் உண்டு.

ஸ்நானம் முடிந்த இரும்பு பிறந்த குழந்தையைப் போன்றது. உடனே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, வெயிலில் உலர்த்தி, எண்ணெய் இட வேண்டும். ஒரு மணி நேரம் அலட்சியமாக இருந்தால் மறுபடி சிவக்க ஆரம்பித்துவிடும். எண்ணெய் என்றால் மெல்லிய யந்திர எண்ணெய். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் உதவா. அவை நாளடைவில் பிசினாக இறுகி, துருவின் வேலையைத் தாமே செய்துவிடும். உராயாத பாகங்களுக்குத் தேன்மெழுகு போதும். குழிகளில் ஒட்டியிருக்கும் துருவை எடுக்க முடியாவிட்டால், கடுக்காய்த் துவர் தடவலாம். துவரும் துருவும் சேர்ந்து நீலங்கலந்த கறுப்பாக உறைந்து நிற்கும். நம் முன்னோர்கள் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியது இந்தத் தத்துவத்தைக் கொண்டுதான்.

தீர்ப்பு நாள்

இனித்தான் உண்மையான பரீட்சை. பாகங்களை மறுபடி பூட்டியாயிற்று. கைப்பிடி வழுவழுவென்று இறங்குகிறது. தண்டு ஏறுகிறது. பத்து நாள் பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்துவிட்டது என்ற ஆனந்தத்தில், “புதியது போல் ஆகிவிட்டது!” என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் நிதானிக்க வேண்டும்.

துரு தின்ற இரும்பு திரும்பி வராது. எந்த ஸ்நானமும், எந்தத் தைலமும் அதைத் திரும்பக் கொண்டுவராது. நாம் செய்ததெல்லாம் துருவை விலக்கி, அதற்குள் மிச்சம் இருப்பது எவ்வளவு என்று பார்த்ததுதான். ஆகையால் பார்க்கவும் வேண்டும். தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் அது குழிக்குள் ஆடுகிறதா? அச்சு ஏறும் மேல் திருகு வளையங்கள் முழுமையாக இருக்கின்றனவா, அல்லது கூர் மழுங்கி உதிர்ந்திருக்கின்றனவா? சட்டத்தில் விரிசல் உண்டா? விரிசலைக் கண்டுபிடிக்கப் பட்டறைகளில் ஒரு பழைய முறை உண்டு. மண்ணெண்ணெயைத் தடவிச் சற்று நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்கட்டிப் பொடியைப் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசலில் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பூச்சின்மேல் ஒரு கோடு எழுதிக் காட்டிவிடும்.

முறுக்கு நாழியின் தண்டு ஆடினால் முறுக்குக் கோணலாக வரும். கோணல் முறுக்கும் தித்திப்பாகவே தின்னப்படும். தையல் யந்திரம் ஆடினால் தையல் ஓடும், பிரித்துத் தைக்கலாம். ஆனால் தோட்டாப் பிரஸ் ஆடினால் தோட்டா கோணலாக அமையும். அது வெடிப்பது ஒரு மனிதனுடைய கன்னத்துக்குப் பக்கத்தில். ஆகவே தண்டு ஆடினாலும், திருகு உதிர்ந்திருந்தாலும், விரிசல் கண்டாலும் தீர்ப்பு ஒன்றுதான். அது இனிக் கருவி அல்ல, காட்சிப் பொருள். “இவ்வளவு பிரயாசைப்பட்டோமே, வேலை செய்யாமலா போகும்?” என்ற வாதம் இரும்புக்குப் புரியாது. நாம் அதற்காக உழைத்தோம் என்பது அதற்கு ஒரு பலமும் ஊட்டுவதில்லை.

காட்சிப் பொருள் என்று தீர்ப்பானால் அது தோல்வி என்று நினைக்க வேண்டியதில்லை. தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலைக்கு நேர்ந்ததைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1855-ல் தஞ்சை ராஜ்யம் கம்பெனியார் வசம் போன பிறகு, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த வாளும் கட்டாரியும் அங்குசமும் பெரும்பாலும் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகப் போயின. யாரோ சிலர் தேர்ந்தெடுத்து ஒதுக்கி வைத்தவை மாத்திரம் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. தமிழ்நாட்டு ஆயுதக் கைத்தொழிலைப் பற்றி இன்று அறிஞர்கள் எழுதுவதெல்லாம் தராசுக்குத் தப்பிய அந்தச் சிலவற்றை வைத்துக்கொண்டுதான். தப்பாதவற்றில் என்னென்ன இருந்தன என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. அவற்றில் ஒன்றும் அதற்குப் பிறகு யுத்தத்துக்குப் போகவில்லை. ஆனால் செய்த கையின் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

கொல்லன் அரத்தால் ராவிய கோடு, பட்டறையின் முத்திரை, பழுது பார்த்த இடத்தில் உள்ளூர் ஆசாரி வைத்த ஒட்டு இவை எல்லாம் துருவுக்கு அடியில் இருக்கும் எழுத்துக்கள். கண்ணாடி போல் பளபளக்க வேண்டும் என்று அரைத்துத் தள்ளினால் அந்த எழுத்துக்களும் போய்விடும். எனவே மெருகேற்றுவதிலும் அளவு வேண்டும். துரு நின்று, எழுத்துத் தெரிந்தால் போதும்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பரணை இறக்கும்போது, பழைய இரும்பு வியாபாரியைக் கூப்பிடுவதற்கு முன், ஒவ்வொரு சாமானையும் மூன்று கேள்வி கேளுங்கள். நீ என்ன? உன்னை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டா? உன்னில் மிச்சம் எவ்வளவு? முதல் கேள்விக்கு வீட்டுப் பெரியவரும் பக்கத்து ஆசாரியும் பதில் சொல்வார்கள். இரண்டாவதற்குச் சட்டம் பதில் சொல்லும். மூன்றாவதற்குப் பதில் கிடைக்க, கொஞ்சம் மண்ணெண்ணெயும் பதினைந்து நாள் பொறுமையும் வேண்டும். மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகும் விற்பதுதான் சரி என்று தோன்றினால் தாராளமாக விற்கலாம். ஆனால் அப்போது விற்பது இன்னதென்று தெரிந்து விற்பீர்கள். எட்டுக் கிலோ என்று மட்டும் தெரிந்து விற்க மாட்டீர்கள்.